பாட்டன் பூட்டன் பெயர் எந்த ஏட்டில்?

சங்க அங்கத்தினர் ஒருவரிடம் அவருடைய தந்தையின் பெயரைக் கேட்டால் உடனே சொல்லுவார். பாட்டன் பெயரையும் சொல்லுவார். பல வீடுகளில் மூத்த பேரனுக்கு அப்பெயரே இடப்பட்டிருப்பதால் அது மறந்துபோக இடமில்லை. பூட்டன் பெயரைக் கேட்டால் சற்றுத் தயங்குவார். பூட்டனின் மனைவி எவ்வூர்ப் பெண், உடன்பிறந்தார் எத்தனை பேர், அவர்கள் எங்கே சென்றனர் என்று மேலும் கேட்டாலோ, 'அதெல்லாம் பெரியவர்கள் காலத்தோடு போயிற்று' என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். சோழ பாண்டியருடைய வம்சாவளியைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்ட நாம், நம்முடைய வம்சாவளியில் நான்கு தலைமுறையை அறியாமல் இருக்கிறோம்.

இது வெறும் பெருமையைச் சார்ந்த விஷயமாயின் இப்பத்திரிகையில் இத்தனை இடத்தை அதற்கு ஒதுக்குதல் முறையாகாது. பயிர்க்கடன் கேட்டுச் சங்கத்துக்கு வரும் விவசாயியின் சிட்டாவில் அவருடைய பெயர் இராது. இறந்து எண்பது தொண்ணூறு வருஷங்களான பூட்டனுடைய பெயர் இருக்கும். இறந்துபோன நெசவாளி ஒருவரின் சிக்கன நிதி வாங்குவாரின்றிக் கிடக்கும். அவர் நியமித்த வாரிசுதாரரும் இறந்திருப்பார். அடுத்த உரிமையாளர் யாரென்று காட்ட ஒரு காகிதமும் இராது. கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுக்க வேண்டிய வம்சாவளிப் பட்டியலை வீட்டார் நினைவிலிருந்து எழுதித் தருகின்றனர். நினைவிலிருந்து எழுதும் பட்டியலில் விடுபடுகிறவர் எப்பொழுதும் ஒரே வகையினர்தாம் என்பதை நாம் பல ஊர்களிலும் கண்டிருக்கிறோம்: மணமாகிப்போன பெண்கள், அக்கரைச் சீமைக்குப் போனவர்கள், இளம்பிராயத்தில் கணவனையிழந்து பிறந்தகம் திரும்பியவர்கள். ஆகவே பூட்டன் பெயரைத் தேடுவது எப்படி என்பதை அறிவது, யாருடைய பங்கு யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதை அறிவதுமாகும்.

தேடுவதற்கு முதல் விதி ஒன்றுண்டு. அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கிப் பின்னே செல்ல வேண்டும். அதுவும் ஒவ்வொரு தலைமுறையாகவே செல்ல வேண்டும். இந்த விதியைப் பெரும்பாலோர் தலைகீழாக்கி விடுகின்றனர். 'நாங்கள் இன்ன அரசனுக்குப் பட்டு நெய்துகொடுக்க இன்ன நாட்டிலிருந்து வந்தவர்கள்' என்று உச்சியில் தொடங்கிக் கீழே இறங்க முயல்வர். இடையிலுள்ள முந்நூறு வருஷத்துக்கு ஒரு பெயரும் கிடைக்காது. மத்தியப் பிரதேசத்திலுள்ள மந்தசோர் என்னும் ஊரில் பட்டு நெசவாளர் குழு ஒன்று சூரியன் கோயிலைப் புதுப்பித்ததைக் கூறும் கல்வெட்டு உளது, அது கி.பி. 473ஆம் வருஷத்தது. லாட தேசத்திலிருந்து அந்நெசவாளர் குடிபெயர்ந்து வந்ததையும் அது கூறுகிறது. நெசவாளர் குடிபெயர்ச்சிக்கு இத்தனை பழமையான சான்று இருப்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். மதுரையிலுள்ள பட்டுநூல்கார மக்கள் அக்குழுவினரின் வழியினரென்று சொல்வாரும் உளர். அது ஒரு சமூகத்தைப் பற்றிய கருத்து. எந்த ஒரு குடும்பத்தின் வம்சாவளியையும் அக்கல்லில் கொண்டுபோய்க் கட்ட இயலாது. தன் தந்தையின் பிறந்த தேதியையே ஆதாரத்துடன் காட்டவியலாதவர் கி.பி. 473க்குத் தாவுவதில் பயன் யாது?

ஆகையால் வீட்டிலேயே தொடங்குவோம். முதலில் வீட்டிலுள்ள மூத்தவரிடம், சிறப்பாக மூதாட்டியரிடம், கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஆண்மக்கள் நிலத்தையும் வழக்கையும் நினைவில் வைத்திருப்பர். யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள், எந்தக் குழந்தை எந்த நோயில் போயிற்று என்பவற்றைப் பெண்டிரே அறிவர். கேட்கும்போது 'எந்த வருஷம்?' என்று வினவுதல் பயனற்றது. 'புயலுக்கு முன்னா, பின்னா? உங்களுக்குக் கலியாணம் ஆகியிருந்ததா? அப்பொழுது யார் மணியம், யார் கணக்குப்பிள்ளை?' என்று கேட்டால் பதில் வரும். சொன்னதைச் சொன்னவாறே எழுதி, சொன்னவர் பெயரையும் நாளையும் கீழே குறித்துவைப்பது நலம். நாளைக்கு இருவர் இருவிதமாகச் சொல்லும்போது எதை எவர் சொன்னார் என்பது தெரிய வேண்டுமல்லவா?

அடுத்தது டிரங்குப் பெட்டி. பத்திரங்களை மட்டும் பொறுக்கியெடுத்து மற்றதைக் குப்பையென்று தள்ளிவிடலாகாது. கிஸ்தி ரசீது, வீட்டுவரி ரசீது, சங்கத்தின் பாஸ் புத்தகம், கம்பியில் கோத்துவைத்த மணியார்டர் துண்டுகள், பள்ளிக்கூடச் சான்று, கலியாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை ஆகிய யாவும் பேசும். கருமாதிப் பத்திரிகையில் இறந்தவரின் மக்கள், மருமக்கள், பேரர் பெயர்களை வரிசையாக அச்சிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அது ஒரு தலைமுறைக்குரிய அச்சிட்ட வம்சாவளியே ஆகும்.

இவை எல்லாவற்றினும் மேலாக நாம் மதிப்பது மொய் நோட்டு. மொய் நோட்டை மக்கள் கடன் கணக்காகவே வைத்திருக்கின்றனர்; திருப்பிச் செய்ய வேண்டிய முறையை நினைவூட்டுவதே அதன் வேலை. ஆயின் குடும்ப வரலாறு தேடுவோனுக்கு அதைவிடச் சிறந்த ஏடு கிடைப்பது அரிது. ஊர்ப்பெயர், ஆள்பெயர், பல இடங்களில் தகப்பன் பெயர், தொகை ஆகியவை வரிசையாய் இருக்கும். தாய்மாமன் செய்த முறை தனியே எழுதப்பட்டிருக்கும். அதிலிருந்து மணமகனுடைய அல்லது மணமகளுடைய தாயின் பிறந்த ஊர் தெரிந்துவிடும். ஒரே ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து மொய் எழுதியிருப்பின், அவ்வூரில் நமக்கு நெருங்கிய கிளையொன்று இருந்ததென ஊகிக்கலாம். முப்பது வருஷத்துக்குப் பிறகு எழுதிய இன்னொரு நோட்டில் அவ்வூரே காணப்படாவிடில், இடையில் ஏதோ நேர்ந்திருக்கிறது: பகையோ, குடிபெயர்வோ, கிளை அற்றுப்போனதோ. அது என்னவென்று கேட்டறிய ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.

மொய் நோட்டுக்கு அடுத்தபடியாகக் கோயில் வரி நோட்டு. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும் ஊர்களில், ஊர்ப் பெரியதனக்காரர் வீட்டில் பழைய வரி நோட்டுகள் கிடக்கும். தனிக்குடித்தனம் செய்யும் ஒவ்வோர் ஆண்மகன் பெயரும் அதில் உண்டு. ஒரு பெயர் மறைந்து அவ்விடத்தில் மகன் பெயர் தோன்றினால் தந்தை காலமானார் அல்லது ஓய்ந்தார். ஒரே வீட்டில் இரண்டு பெயர் தோன்றினால் அண்ணன் தம்பி பிரிந்தனர். நிலமில்லாதவருக்குப் பட்டா இராது, பத்திரமும் இராது. தலைக்கட்டு வரிக்கு நிலம் வேண்டியதில்லை. நெசவாளர் தெருக்களில் இந்நோட்டே பழைய குடிகளுக்குரிய தலைசிறந்த சான்றாக இருப்பதை நாம் நேரிற் கண்டிருக்கிறோம்.

பழைய காகிதத்தில் வருஷத்தைப் படிப்பதற்குச் சிறிது பயிற்சி வேண்டும். வருவாய்க் கணக்கெல்லாம் பசலியில் நடந்தது. பசலியுடன் 590ஐக் கூட்டினால் அப்பசலி தொடங்கும் ஆங்கில வருஷம் வரும். பசலி ஜூலை முதல் தேதி தொடங்குவதால் பசலி 1337 என்பது 1927 ஜூலை முதல் 1928 ஜூன் முடியவுள்ள காலம். தென்கோடி மாவட்டங்களின் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு வரும். அதனுடன் 825ஐ, ஆவணி முதல் மார்கழி நடு வரையுள்ள மாதங்களாயின் 824ஐ, கூட்டிக்கொள்ள வேண்டும். பிரபவ முதல் அட்சய ஈறான வருஷப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், இவற்றில்தான் இடறல் அதிகம். 'தாது வருஷத்தில் பிறந்தவர்' என்றால் 1876ஆம் வருஷமா, 1936ஆம் வருஷமா? முந்தையது தென்னாட்டைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தின் வருஷம். அதனால் பெரியோர் வாயில் 'தாது வருஷம்' என்றாலே பஞ்சம் என்று பொருளாகிவிட்டது. பேரனுடைய வயதைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தாலன்றி எந்தத் தாது என்று முடிவு செய்யலாகாது. எண்களும் தமிழ் எண்களாயிருக்கும். நிலத்தின் பின்னங்கள் மா, காணி, முந்திரி என வரும். மேற்படி என்பதற்குரிய குறியை எழுத்தரெல்லாம் தாராளமாய்ப் போட்டிருப்பர். அக்குறியுள்ள வரியை மட்டும் நகலெடுத்து வந்தால் ஊர்ப்பெயர் மேல் வரியிலேயே தங்கிவிடும்.

இனிச் சர்க்கார் ஏடுகள். இவற்றுள் சார்பதிவாளர் அலுவலகத்திலுள்ளவையே நமக்கு மிகப் பயன்படுவன. 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி, பத்திரத்தில் தொடர்புடைய ஒவ்வொருவருக்கும் குடியிருக்கும் ஊர், தொழில், தந்தை பெயர் ஆகியவை குறிக்கப்பட வேண்டும். தாயின் பெயரால் வழங்கப்படுபவராயின் தாய் பெயர் குறிக்கப்படும். இந்த மூன்று விவரங்களின் அருமையை எண்ணிப் பாருங்கள். ஒரு பத்திரம் கிடைத்தால் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். அத்தந்தையின் பெயரைக் கொண்டு அடுத்த பத்திரத்தைத் தேடலாம். அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1ஆம் புத்தகத்திலும், உயில்களும் சுவீகார அதிகாரப் பத்திரங்களும் 3ஆம் புத்தகத்திலும் பதியப்படுகின்றன. 1ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம். உயில் அவ்வாறன்று, எழுதியவர் உயிருடனிருக்கும்வரை பிறருக்கு அதன் நகல் கிடைக்காது. அட்டவணை ஆள்பெயராலும் சொத்தாலும் இருவகையாக உளது. வில்லங்கச் சான்று இக்காலத்தில் பதிவுத்துறையின் வலைதளத்திலேயே கிடைக்கிறது. எனினும் கணினியில் ஏறியவை பிற்காலப் பதிவுகளே. பூட்டன் காலத்துப் பத்திரத்துக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் பழைய அட்டவணையைத்தான் புரட்ட வேண்டும். புழுதிக்கு அஞ்சுவோர் இவ்வேலையை விரும்பார்.

நிலமுள்ளோருக்கு வருவாய்த்துறைக் கணக்குகள் உண்டு. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது புல எண்கள் பல மாறிவிட்டன. பழைய பத்திரத்திலுள்ள எண்ணைப் புதிய சிட்டாவில் தேடிக் காணாமல் மனம் சலித்தவர் எத்தனையோ பேர். கிராமத்து 'அ' பதிவேட்டில் புதிய எண்ணுக்கு எதிரே பழைய எண் கொடுக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டுகொண்டால் அதற்கு முந்திய செட்டில்மெண்டு கணக்கில் அந்நிலம் யார் பெயரில் இருந்ததென்று பார்க்கலாம். மானிய நிலமாயின் இன்னும் விசேஷம்: 1858இல் ஏற்பட்ட இனாம் கமிஷன் எழுதிவைத்த ஏட்டில், முதலில் மானியம் பெற்றவர் யார், அக்காலத்தில் அனுபவித்தவர் யார், இருவருக்கும் என்ன உறவு என்பவையெல்லாம் பதியப்பட்டுள்ளன. இவ்வகைப் பழைய கணக்குகளைச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அனுமதி பெற்றுப் பார்க்கலாம். ஊர், தாலுகா, பழைய ஜில்லா மூன்றையும் தெளிவாக எழுதிக்கொண்டு போக வேண்டும். ஜில்லா எல்லைகள் எத்தனையோ முறை மாறியுள்ளன.

பிறப்பு இறப்புப் பதிவேடுகளும் உள. பழைய பிறப்புப் பதிவுகளில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இராது. ஆண் அல்லது பெண் என்பதும் தந்தை பெயரும் தேதியுமே இருக்கும். ஆகவே குழந்தை பெயரைக் கொண்டு தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டிலுள்ள பிறந்த தேதியை மட்டும் நம்பிவிட வேண்டாம். வயது போதாத பையனைச் சேர்த்துக்கொள்ளத் தலைமையாசிரியர் ஒரு தேதியை அருளியிருப்பார். நம் நாட்டில் மே, ஜூன் மாதங்களில் இத்தனை பேர் பிறந்ததன் இரகசியம் அதுவே. குடிக்கணக்கில் வீட்டு விவரம் கிடைக்குமோவெனச் சிலர் கேட்கின்றனர். கிடைக்காது, 1948ஆம் வருஷச் சட்டம் அவ்விவரங்களைப் பிறர் பார்வைக்குத் தருவதைத் தடுத்திருக்கிறது.

இவற்றையெல்லாம் எவ்வாறு ஒன்றோடொன்று ஒத்துப் பார்ப்பது என்பதை நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் சங்கதியைக் கொண்டு விளக்குவோம். பெயரும் ஊரும் வேண்டியதில்லை.

விவசாயி ஒருவர் பயிர்க்கடனுக்கு விண்ணப்பித்தார். பட்டா பூட்டன் பெயரில் இருந்தது. பூட்டனுக்கு மக்கள் மூவர் என்றும், மூன்றாமவர் சண்டைக் காலத்தில் இலங்கைக்குப் போய் மணமாகாமலே மாண்டார் என்றும் வீட்டுப் பெரியவர் கூறினார். அவ்வாறே வம்சாவளி எழுதப்பட்டது. கையொப்பமிடும் நேரத்தில் பெட்டியிலிருந்து 1927ஆம் வருஷத்து அடமானப் பத்திரமொன்று வெளிப்பட்டது. எழுதிக்கொடுத்தவர்களில் மேஜர் இருவர், மைனர் இருவர், மைனர்களுக்காகத் தாய் கார்டியனாக இருந்து பெருவிரல் ரேகை வைத்திருக்கிறாள். இதனால் மூன்று விஷயம் ஒருங்கே தெரிந்தன. மக்கள் மூவரல்லர், நால்வர். பூட்டன் 1927க்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் எவர் வாயிலும் வராத பூட்டியின் பெயர் அங்கே எழுதப்பட்டிருந்தது.

நாலாமவர் என்ன ஆனார்? உறவில் ஒரு மூதாட்டி, அம்மை கண்டு இறந்த பையனொருவனைப் பற்றித் தன் மாமியார் சொல்லக் கேட்டதாய்க் கூறினாள். இறப்புப் பதிவேட்டைத் தேடியதில் தந்தை பெயருடன் பதிவு அகப்பட்டது. மூன்றாமவரைப் பற்றிய விவரம் எதிர்பாராத இடத்தில், சங்கத்தின் பழைய உறுப்பினர் பதிவேட்டிலேயே இருந்தது. அவர் 1936இல் அங்கத்தினராகச் சேர்ந்திருக்கிறார். 1938இல் குறிப்புக் கலத்தில் 'இலங்கை சென்றார், பங்குத்தொகை ரூ. 5 நிலுவை' என்று அக்காலத்துக் காரியதரிசி எழுதிவைத்திருக்கிறார். சண்டைக் காலத்தில் போனார் என்ற பெரியவரின் நினைவு இங்கே பொருந்தவில்லை. பொருந்தவும் இயலாது. ஏனெனில் கூலி வேலைக்காக இலங்கை செல்வதை இந்திய சர்க்கார் 1939 ஆகஸ்டில் தடை செய்துவிட்டது. சண்டை மூண்டது செப்டம்பரில். பெரியவர் பொய் கூறினாரில்லை. இரண்டு நிகழ்ச்சிகள் அவர் நினைவில் அருகருகே ஒட்டிக்கொண்டன. வாய்மொழியை ஏட்டுடன் ஒத்துப் பார்ப்பதன் அவசியம் இதுவே.

மணமாகாமல் மாண்டார் என்பதும் நிற்கவில்லை. கம்பியில் கோத்த மணியார்டர் துண்டுகளில் பதுளைத் தபால் முத்திரையும், அனுப்பியவரின் தோட்டத்துப் பெயரும் இருந்தன. பிறகு 1970களில் மண்டபம் முகாமிலிருந்து வந்த கடிதம் ஒன்று, பதில் எழுதப்படாமலே, அதே பெட்டியில் கிடந்தது. 1964ஆம் வருஷத்து ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா இசைந்ததும், அதன்பின் பல வருஷங்கள் மக்கள் கப்பலேறி இராமேசுவரம் வந்ததும் நம் அங்கத்தினர் அறிந்தவையே. தாயகம் திரும்பியோருக்கென்று 1969இல் ஒரு கூட்டுறவு வங்கியே நிறுவப்பட்டது. நீலகிரியில் அவர்களுக்கு வேலையளிக்கத் தேயிலைத் தோட்டங்களும் ஏற்பட்டன. விசாரித்ததில் மூன்றாமவருடைய பேத்தி நீலகிரியில் இருப்பது தெரிந்தது. அவளிடம் தன் தந்தையின் பாஸ்போர்ட்டு, கண்டியில் வழங்கப்பட்டது, பத்திரமாயிருந்தது. அதிலிருந்த தகப்பன் பெயர் சங்க ஏட்டிலுள்ள பெயரே. அவள் பாட்டி சொல்லிச் சென்ற ஊர்ப் பெயரும் இதுவே.

பெரியவருக்கு இந்தக் கண்டுபிடிப்பு உவப்பாயில்லை. அந்தப் பெண் ஒருநாளும் இந்த மண்ணை மிதித்ததில்லை, தாம் மூன்று தலைமுறையாய் உழுதிருக்கிறோம் என்பது அவர் வாதம். அதில் நியாயமில்லையென்று நாம் சொல்லோம். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை வக்கீல் கூறட்டும். யார் யார் இருந்தனர் என்பதை மறைக்காமல் எழுதுவதே வம்சாவளி எழுதுவோன் கடமை. முடிவில் ஒரு தொகைக்குப் பேசி அவள் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தாள், பட்டா மாறியது, கடனும் கிடைத்தது. முதலில் எழுதிய வம்சாவளியே போயிருந்தால் கடன் இரண்டு மாதம் முன்னதாகக் கிடைத்திருக்கும் என்று பெரியவர் இன்றும் குறைப்பட்டுக்கொள்கிறார்.

பெயர்க் குழப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால், 'முத்து மகன் கந்தன்' என்று ஒரு பத்திரத்திலும் 'கந்தன் மகன் முத்து' என்று மற்றொன்றிலும் வரும். இவர்கள் தந்தையும் மகனுமாயிருக்கலாம். இடையில் இரண்டு தலைமுறை இருக்கவும் கூடும். பெரியப்பன் சிற்றப்பன் மக்களாயிருக்கவும் கூடும். ஒரே பாட்டன் பெயரை அண்ணன் தம்பிமார் மூவரும் தத்தம் மூத்த மகனுக்கு இட்ட வீடுகளில் ஒரே பெயருடையார் மூவர் ஒரே தெருவில் வாழ்ந்திருப்பர். பெயர் ஒன்றாயிருப்பதை மட்டும் கொண்டு ஆள் ஒன்றென்று துணியலாகாது. ஊர், தொழில், வயது, நிலத்தின் எல்லை, கையெழுத்து இவற்றில் இரண்டேனும் ஒத்துவர வேண்டும்.

பெண்களின் பெயரோ வேறுவகைத் தொல்லை. அவர்கள் பெயர் ஏட்டில் வராமற்போனது நம் ஊரில் மட்டுமன்று. 1951-52இல் நடந்த முதற் பொதுத் தேர்தலின்போது, தம் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்றே சொன்னதால் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் இடம்பெறவில்லை. அவர்களிற் பெரும்பாலோர் வட மாநிலத்தவர். நம் பெண்டிரைத் தேட வேண்டிய இடங்கள் தானப் பத்திரம், மஞ்சள்காணிப் பத்திரம், மைனர்களுக்குக் கார்டியனாக நின்ற அடமானம் ஆகியவை. மகளுக்கும் மகனோடொத்த பங்கென்று தமிழ்நாட்டில் 1989லும் நாடு முழுமைக்கும் 2005லும் சட்டம் செய்யப்பட்டிருக்கும் இந்நாளில், பெண்மக்கள் பெயரில்லாத வம்சாவளியை எந்த அலுவலகமும் ஏற்றல் கூடாது.

கடல் கடந்து இன்னும் தொலைவு சென்றவர்களின் விவரம் இலங்கை சென்றவர்களைவிட எளிதில் கிடைப்பது வியப்பானது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் பெரும்பாலோர் கங்காணி வழியாகச் சென்றனர். நேட்டாலுக்கோ ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினர்; 1860ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்த முதற்கப்பலே சென்னையிலிருந்து சென்றதுதான். 1911 வரை சென்ற ஒன்றரை லட்சம் பேருக்கும் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, ஊர் ஆகியவற்றைக் கப்பல் பட்டியல்களில் எழுதிவைத்தனர். மொரீஷியசுக்குச் சென்றோரின் ஏடுகள் அங்கே மகாத்மா காந்தி நிலையத்தில் உள்ளன. அங்கிருந்து பேரன் பேத்திகள் இன்று நம் ஊர்களைத் தேடிக்கொண்டு வருகின்றனர். கப்பல் எழுத்தன் காதில் விழுந்தவாறு எழுதிய ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டு அவர்கள் திகைக்கும்போது, நம் பக்கத்துக் கோயில் வரி நோட்டு அவர்களுக்கு உதவக்கூடும்.

சொந்தச் சங்கத்து ஏடுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1904ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் திருவள்ளூரை அடுத்த திரூரில் விவசாயிகள் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும் அவ்வருஷத்திலேயே தோன்றின. நூற்றிருபது வருஷங்கள் கடந்துவிட்டன, நான்கு தலைமுறை. உறுப்பினர் பதிவேட்டில் அங்கத்தினர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, தொழில், கதவு எண், சேர்ந்த நாள், நியமனதாரரும் அவருக்குள்ள உறவும் எழுதப்பட்டிருக்கும். ஒருவர் அங்கத்தினராகச் சேர்ந்த நாளுக்கும் நீங்கிய நாளுக்கும் அப்பதிவேடே முதற்சான்று என்று 1912ஆம் வருஷச் சட்டம் கூறிற்று. கடன் பத்திரத்தில் ஜாமீன் நின்றவர் பெரும்பாலும் மைத்துனராகவோ பங்காளியாகவோ இருப்பார். நெசவாளர் சங்கத்துப் பாவுக் கணக்கும் கூலிப் புத்தகமும், எந்தத் தறியில் தந்தைக்குப் பின் எந்த மகன் உட்கார்ந்தான் என்பதை மாதக் கணக்கில் காட்டும். ஊருக்கு ஊர் தறி தேடிப் போன நெசவாளியின் வரலாற்றுக்கு இதைவிட அண்மையான சான்று வேறெந்தக் கச்சேரியில் உளது?

அவ்வேடுகள் இன்று இருக்கும் நிலை சொல்லத்தக்கதாயில்லை. ஒரு சங்கத்தில் இடநெருக்கடியென்று பழைய கணக்குப் புத்தகங்களை மூட்டை கட்டிக் காகிதக் கடைக்கு எடை போட்டுவிட்டனர். உறுப்பினர் பதிவேடும் அம்மூட்டையோடு போயிற்று. காலங்கடந்த ரசீதுக் கட்டுகளை விதிப்படி அழிக்கலாம், அதில் தவறில்லை. உறுப்பினர் பதிவேடு, தீர்மானப் புத்தகம், பழைய சேர்க்கை விண்ணப்பங்கள் மூன்றையும் அக்கட்டில் சேர்த்தல் கூடாது. கறையான் ஏறாதபடி இரும்பு அலமாரியில் தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். கிழிந்த தாளை ஒட்டுநாடாவால் ஒட்டுவதும், பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடேற்றிப் பதிப்பதும் அத்தாளை நாளடைவில் அழிப்பனவேயாம். கைப்பேசியில் பக்கம் பக்கமாய்ப் படமெடுத்து இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளச் செலவு ஒன்றும் ஆகாது.

தம் குடும்பத்துப் பதிவைப் பார்க்க விரும்பும் அங்கத்தினர் செயலாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, பாட்டன் பெயர், தெரு, ஏறத்தாழ எந்த வருஷம் என்பவற்றைக் குறித்தால் தேடுதல் எளிதாகும். அகப்பட்டதை நகலெடுக்கையில் புத்தகத்தின் பெயர், வருஷம், பக்க எண், வரிசை எண் நான்கையும் தலைப்பில் எழுதுங்கள். பெயர் பிழையாக எழுதப்பட்டிருப்பின் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். பெருவிரல் ரேகை இருப்பின் அதன் பக்கத்தில் 'இன்னாருடைய இடதுகைப் பெருவிரல் ரேகை' என்று குமாஸ்தா எழுதியிருக்கும் வரியை விட்டுவிட வேண்டாம். நம் பாட்டிமார் பலருடைய பெயர் அந்த ஒரு வரியில் மட்டுமே இருக்கிறது.